நடந்ததா என்று கேட்கக் கூடாது

தலவாக்கலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடை இருந்தது. முன்பக்கம் சீத்தைத் துணியும் சாரமும் சேலையும் விற்பார்கள். பின்பக்கம், துணி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்த ஒரு சிறிய அறையில், சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் கூடி மூன்று வரிக் கவிதைகள் படித்தோம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் கடந்திருந்த காலம்.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியராக இருந்தேன். இரண்டாமவர் கடை முதலாளி. அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். மூன்றாமவர் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். எங்கள் மூவரில் வயதில் இளையவர். தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, ஆபீஸ் நாற்காலிவரை வந்தவர். நன்றாக எழுதியவரும் அவர்தான்.

அவருடைய மகள் இறந்து ஒரு வாரம் கழித்து, அந்தச் செய்தியைச் சொல்வதற்காக அவர் அந்த அறைக்கு வந்தார். சொல்லவும் சொன்னார். அதைக் காதில் வாங்காமல் அவரைத் திருப்பி அனுப்பியவன் நான். இத்தனை வயதுக்குப் பிறகு அதை எழுதிவைக்கத் தோன்றுகிறது. எழுதினால் குறையும் என்று நினைத்து எழுதவில்லை.

ஹைக்கூ என்பது எங்களிடம் வந்த விதம் வேடிக்கையானது. துரை பங்களாவிலிருந்து கழித்துப் போட்ட ஆங்கிலச் சஞ்சிகைகளைக் கிளாக்கர் அவ்வப்போது அள்ளிக்கொண்டு வருவார். அவற்றில் ஒன்றில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. மூன்றே வரி, ஒரு காட்சி, உபதேசம் கிடையாது. அவரும் நானும் அதை மாற்றி மாற்றிப் படித்தோம். முதலாளிக்கு நான் தமிழில் சொன்னேன். அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "என்னமோ கூவுதே, அது" என்பார். பிறகு நாங்கள் எல்லோருமே அதை 'மூணு வரி' என்றே சொல்லத் தொடங்கினோம்.

கூட்டத்துக்கு ஒரு முறை வைத்திருந்தோம். ஒருவர் தம் மூன்று வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது. பிறகு மற்றவர்கள் மூன்று வரியாலேயே பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் வேண்டுமானால் சொற்களைப் பற்றிப் பேசலாம். இது கூடுதல், அது குறைவு என்று. முன்பக்கம் கூட்டம் அதிகமானால் முதலாளி எழுந்து ஓடுவார். போன இடத்தில் தோளில் அளவுகோலோடு யோசித்துவிட்டுத் திரும்பி வருவார்.

பூப்போட்ட சீத்தையை
விரித்துப் பார்த்துவிட்டுப் போகிறாள்,
அடுத்த சம்பளத்துக்கு.

இது முதலாளியுடையது. இதைப் படித்துவிட்டு, "இந்த மூணு வரியால எனக்கு மூணு கெஜம் நட்டம்" என்றார். அன்று கிளாக்கர் பதிலாகச் சொன்னது இப்போதும் நினைவில் இருக்கிறது.

கொழுந்து நிறுக்கிறார்கள்.
தராசில் வந்து அமர்கிறது
ஒரு தும்பி.

ஆரம்ப மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இப்படி ஒன்றைப் படித்தேன்:

அம்மா இல்லை.
பனிமூட்டத்தில் காயாமல்
அவள் சேலை.

படித்து முடித்ததும் முதலாளி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எப்ப மாஸ்டர்? ஒரு வார்த்த சொல்லியனுப்பலையே. கடையச் சாத்திட்டு வந்திருப்பேனே."

என் அம்மா அந்த நேரத்தில் வீட்டில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்திருப்பாள்.

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க முதலாளி."

"அப்ப இது?"

"கவிதை."

"உசுரோட இருக்கிற தாயக் கொன்னு கவிதையா? அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா வெளக்கமாறு பிஞ்சிரும் மாஸ்டர்!"

கிளாக்கருக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது. "சேல காயலைன்னா மாஸ்டர் ஒழுங்காப் பிழியலன்னு அர்த்தம்," என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. உடனே ஆசிரியர் குரலை எடுத்துக்கொண்டு சொன்னேன்: "கவிதையில வர்றது நடந்துச்சான்னு கேக்கவே கூடாது. கேட்டா அது ரசனை இல்ல, விசாரணை. அந்தக் கட்டுரையிலேயே இது ஒரு விதியா எழுதியிருக்கு."

"அப்பிடியா எழுதியிருக்கான்?" என்றார் முதலாளி, சிரிப்பை நிறுத்தி.

"எழுதியிருக்கு."

கட்டுரையில் அப்படி எதுவும் இல்லை. ஆங்கிலம் தெரியாத முதலாளிக்கு அது தெரிய வழியில்லை. கிளாக்கருக்குத் தெரியும். அவர் கொண்டுவந்த சஞ்சிகை. என்னைவிட அதிகத் தடவை படித்தவர். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து கோப்பையை எடுத்துக்கொண்டு, "ஆமாங்க முதலாளி, இருக்கு" என்றார். என் மானத்தைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் அது. அன்றிலிருந்து அது எங்கள் விதியாகிவிட்டது. பிற்பாடு யாராவது வாய் தவறிக் கேட்டால்கூட நான் விரலை உயர்த்தி "விதி" என்பேன்.

கிளாக்கர் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர். இரண்டு வீட்டாரும் கைவிட்டிருந்தார்கள். அவர் அப்பா கங்காணி. மகன் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று கோயிலில் வைத்துச் சொன்னவர். மனைவிக்கு இறம்பொடைப் பக்கம் அண்ணன்மார் இருந்தார்கள். ஆளனுப்பியும் வரவில்லை. கிளாக்கர் ஆகிவிட்டதால் லயத்து ஆட்கள் மரியாதையோடு தள்ளி நின்றார்கள். லயத்துப் பிள்ளை என்பதால் மற்ற உத்தியோகத்தர்களும் தள்ளியே நின்றார்கள். மலைச்சரிவில் ஒரு சின்னக் குவாட்டர்சில் இவர்கள் இருவரும் ஒரு பெண் குழந்தையும்.

அந்தப் பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்தபோது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. கிளாக்கர் கடைக்கு வந்து என்னைக் கேட்டார். தாமாகக் கேட்பதாகச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வீட்டில் கேட்கச் சொன்னாள் என்று மட்டும் சொன்னார். முதலாளி உடனே ஒரு சீத்தைத் துணியை இழுத்து விரித்து, "மாமன் வெறுங்கையோட போவானா?" என்று கிழித்துவிட்டார். மஞ்சள் நிறத்தில் சிறு சிவப்புப் பூக்கள். பிள்ளை பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்று, வளர்த்திக்கு இடம் விட்டுத் தைக்கச் சொன்னோம்.

காது குத்தும்போது பிள்ளை என் சட்டையைக் கிழிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அழுகை ஓய்ந்ததும் ஏதோ நினைத்துக்கொண்டு என் காதைத் தடவிப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தோம். பிள்ளையின் அம்மா எனக்குப் பலகாரத் தட்டை நீட்டி, "எடுத்துக்குங்கண்ணே" என்றாள். அன்று முதல் நான் அவளுக்கு அண்ணன். அடுத்த சம்பள ஞாயிறு கிளாக்கர் படித்தார்:

அழுது ஓய்ந்த பிள்ளை
தன் தோட்டைத் தேடுகிறாள்
மாமன் காதில்.

முதலாளி துள்ளினார். "இது நடந்ததுதானே! நானும் இருந்தேனே!" நான் விரலை உயர்த்தினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக இருந்த விதி அது.

அதற்கு அடுத்த ஆண்டு, மழைக்காலத்தில் வந்த ஒரு சம்பள ஞாயிறு. கிளாக்கர் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தார். தலை நனைந்திருந்தது, துண்டு கொடுத்தபோது வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். மூட்டைகளுக்கு நடுவே அவருடைய இடம் காலியாக இருந்தும் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலாளி அன்று ஏதோ ஒரு வேடிக்கை எழுதியிருந்தார். நானும் ஒன்று படித்தேன். பிறகு அவர் முறை.

"ஒண்ணுதாங்க இருக்கு," என்றார்.

சின்னக் குழி.
மூடிய பிறகும்
கை நிறைய மண்.

ஒரு தடவைதான் படித்தார். நான், "ரெண்டாவது தடவை?" என்றேன். மறுபடியும் படித்தார். நடுவரியில் குரல் அடைத்தது. மழையில் நனைந்ததால் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க முடிவு செய்தேன்.

முதலாளி என்னைப் போல் இல்லை. அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். "கிளாக்கரு... வீட்ல பாப்பா..." என்று ஆரம்பித்தார்.

நான் விரலை உயர்த்தினேன். "முதலாளி. விதி."

அவர் வாயை மூடிக்கொண்டார். அதுவரை அவரையே பார்த்துக்கொண்டிருந்த கிளாக்கர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். மஞ்சள் சட்டை என் கண்ணில் வந்து போனது. ஆனால் நான் கேட்டு, அது வெறும் கவிதையாக இருந்துவிட்டால்? முன்பு என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல மறுபடியும் சிரிப்பார்கள், விதி உடையும், அது எப்படி வந்த விதி என்ற பேச்சும் எழும். இவ்வளவும் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது. நான் சொற்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்கு தம்பி. 'சின்ன'ங்கிற சொல் மட்டும் வேணாம். கை நிறைய மண் மிஞ்சுதுன்னாலே குழி சின்னதுன்னு தெரிஞ்சிரும். சொல்லாம விட்டாத்தான் அழகு."

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"சின்னதுதாங்க மாஸ்டர்," என்றார். "ரொம்பச் சின்னது."

"இருக்கட்டுமே. அதப் படிக்கிறவன் கண்டுபிடிக்கட்டும்."

பிறகு நான் பதில் மூன்று வரி சொன்னேன். மண்மேட்டில் பெயர் தெரியாத ஒரு புல் முளைத்திருப்பதாக ஏதோ. உடனடியாக அமைந்துவிட்டதில் எனக்குப் பெருமை. முதலாளியைப் பார்த்து, "நீங்க?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வரல மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து முன்பக்கம் போய்விட்டார்.

கிளாக்கர் தேநீரைத் தொடவில்லை. "நல்லா இருக்குங்க மாஸ்டர், புல்லு," என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மழையிலேயே பஸ்ஸுக்குப் போனார். மாமன் என்று அழைக்கப்பட்டவன் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சம்பள ஞாயிறு அவர் வரவில்லை. நானும் முதலாளியும் கவிதை எதுவும் படிக்காமல் கடை முன்பக்கம் நின்றுகொண்டிருந்தோம். அவர் தோட்டத்திலிருந்து ஒரு பெண் சீத்தை வாங்க வந்தாள். முதலாளி துணியை விரித்துக்கொண்டே, "எங்க கிளாக்கரய்யா சொகமா?" என்று கேட்டார்.

"அந்தய்யாவுக்கு என்ன சொகம்? புள்ளைய மண்ணுல போட்டுட்டுக் கெடக்குறாரு. போன சம்பளத்துக்கு முந்தியே போயிருச்சே. ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் துணியைக் கிழித்து மடித்துக் கொடுத்தார். அவள் போனதும், "போயிட்டு வாங்க மாஸ்டர். இன்னிக்குக் கடைய விட்டுட்டு என்னால வர முடியாது," என்றார். ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமென்று கை தன்னால் சீத்தை அடுக்குப் பக்கம் போனது, பாதியில் நின்றது. பிள்ளையில்லாத வீட்டுக்கு என்ன எடுத்துப் போவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறி, இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறிப் போனேன். பாதையின் ஒரு வளைவிலிருந்தே அந்த வீட்டு வாசல் தெரியும். கிளாக்கரின் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டு எழுந்தாள்.

"வாங்க மாஸ்டர்," என்றாள்.

'அண்ணே' இல்லை. அதற்குப் பிறகு அவள் என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

ஸ்டூல் எடுத்துப் போட்டாள். கிளாக்கர் தேயிலை ஸ்டோருக்குப் போயிருப்பதாகவும், வந்துவிடுவாரென்றும் சொன்னாள். தேநீர் ஊற்றித் தந்துவிட்டு அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்றாள். யாரிடமோ சொல்வதுபோல் பேசினாள்.

"நீங்க ரெண்டு பேரும் வருவீங்கன்னுட்டுத்தான் போனாரு. கேதஞ் சொல்ல ஆளனுப்புறதுக்கு எங்களுக்கு யாரு இருக்கா? நானே போயி சொல்லிக் கூட்டியாறேன்னாரு. நான் ஒங்களுக்குஞ் சேத்துத்தான் ஒல வச்சேன். சாவு வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதில்லையா."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவரு மட்டும் ஏறி வந்தாரு. மழையில நீங்க மெதுவா வர்றீங்களோன்னு அந்த வளைவையே பாத்துக்கிட்டு நின்னேன். யாரும் வரல. உள்ள வந்து கேட்டா, சொன்னேன்னு மட்டுஞ் சொன்னாரு."

"எனக்குத் தெரியலம்மா," என்றேன்.

"சொன்னேன்னாரே?"

பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது. "சொன்னாரு," என்றேன்.

அவள் தலையாட்டினாள். கோபப்படவில்லை. "நீங்க எடுத்துக் குடுத்த பூச்சட்டையத்தான் போட்டு அனுப்புனோம். புதுசா அது ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னும் பெருசாத்தான் இருந்துச்சு அவளுக்கு," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கிளாக்கர் வந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் பழைய மரியாதை வந்து உட்கார்ந்தது. "எப்ப வந்தீங்க மாஸ்டர்? டீ குடிச்சீங்களா?" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஏதாவது சொல்லுமுன்பே சொன்னார்:

"'சின்ன'வ எடுத்துட்டேன் மாஸ்டர். நீங்க சொன்னது சரிதான். எடுத்தா நல்லாத்தான் இருக்கு."

குத்திக் காட்டினாரா என்று குரலில் தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொள்ள வாசலில் நின்றபோது அவள் உள்ளிருந்தே, "சரிங்க மாஸ்டர்," என்றாள். கிளாக்கர் பஸ் ரோடுவரை கூட வந்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக நடந்தோம். ரோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, என்ன நடந்துச்சு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மூன்று வரியில் இல்லை. நிறுத்தாமல், சொன்னதையே திரும்பச் சொல்லி, நடுவில் விட்டுப்போனதை மறுபடி போய் எடுத்துக்கொண்டு, லயத்துப் பேச்சில் சொன்னார்.

"வெள்ளிக்கிழம லேசாக் காச்சல் மாஸ்டர். டிஸ்பென்சரியில தண்ணி மருந்து குடுத்தாங்க. வெளையாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மறுநாள் விடிய மூச்சு இழுக்குது. லொறியக் கேட்டு ஓடுனேன். தேயிலப் பெட்டி ஏத்திக்கிட்டு ஸ்டேசனுக்குப் போயிருச்சு. காத்திருக்கவா முடியும்? தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். இந்த ரோட்டுலதான். அவ பின்னால கொடையப் புடிச்சுக்கிட்டு ஓடியாறா. அந்தா, அந்தப் பாலத்துக்கிட்ட வரும்போது பாப்பா கண்ண முழிச்சுச்சு மாஸ்டர். நல்லா முழிச்சு என்னையப் பாத்துச்சு. அப்பான்னுச்சு. என்னம்மான்னேன். அப்ப ஒண்ணு கேட்டுச்சு மாஸ்டர்..."

வளைவில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

அவர் பேச்சை நிறுத்திக் கையைக் காட்டி பஸ்ஸை மறித்தார். "ஏறுங்க மாஸ்டர், இத விட்டா இன்னிக்கு வேற இல்ல."

நான் ஏறினேன். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது உண்மைதான். காரணம் அதுவல்ல. பஸ்ஸை விட்டால் அந்த வீட்டில் தங்க வேண்டும். அந்தப் பெண் பாய் விரித்து, சோறு போட்டு, என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவாள். அதைத் தாங்கும் துணிவு எனக்கு இல்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் பஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

பிறகு போகலாம், விடுமுறை வரட்டும், ஆறுதலாக உட்கார்ந்து கேட்கலாம் என்று நாட்களைத் தள்ளினேன். கடைக்கு அவர் அப்புறம் வரவேயில்லை. விடுமுறையில் போனபோது அந்த வீட்டில் வேறொரு கிளாக்கரின் குடும்பம் இருந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, இருவரும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளையைப் புதைத்த இடத்தையாவது காட்டச் சொன்னேன். தோட்டத்து ஆள் ஒருவர் கூட்டிப் போனார். எல்லா இடத்திலும் புல் வளர்ந்திருந்தது. இதுவாயிருக்கும், அதுவாயிருக்கும் என்று இரண்டு மூன்று இடங்களைக் காட்டினார்.

இப்போதும் இளையவர்கள் சிலர் தங்கள் கவிதைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஹைக்கூ இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். எதைப் படித்தாலும் நான் முதலில் கேட்பது, இது நடந்ததா என்றுதான். சிலர் சிரிக்கிறார்கள், சிலருக்குக் கோபம் வருகிறது. கிழவருக்குக் கவிதை தெரியாது என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம்.

அந்த விடுமுறை நாளில், தோட்டத்திலிருந்து திரும்பி நேரே கடைக்குத்தான் போனேன். முதலாளி தனியாக இருந்தார். ரோட்டில் நின்று கிளாக்கர் சொன்னதையெல்லாம், காய்ச்சலிலிருந்து பாலம்வரை, அன்றுதான் அவரிடம் முழுதாகச் சொன்னேன். விரித்திருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"கண்ண முழிச்சு, புள்ள என்ன கேட்டுச்சாம்?"

"தெரியாது முதலாளி. பஸ் வந்திருச்சு."

அவர் மடித்த துணியை அடுக்கில் வைத்தார். அளவுகோலை எடுத்து அதன் இடத்தில் மாட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்த ரோட்டுல மறுநாளும் பஸ் ஓடும் மாஸ்டர்."